கொட்டகைக் கல்நார் அட்டை: தூசி கிளப்பாமல் கையாளும் முறை

மோட்டார் அறை, மாட்டுக் கொட்டகை, கோழிக் கொட்டகை, உர மூட்டை அடுக்கும் சாய்ப்பு என்று தோட்டத்துக் கட்டடங்கள் பலவற்றுக்குக் கல்நார் சிமெண்டு அட்டையே கூரையாக இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றும், வெறுமனே சிமெண்டு அட்டை என்றும் இதைச் சொல்லுகிறார்கள். தென்னங்கீற்றை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். ஓட்டுக்குக் குரங்கு பகை. தகரம் துருப்பிடிக்கிறது. அட்டையோ ஒரு தடவை போட்டால் முப்பது, நாற்பது ஆண்டு கிடக்கும். ஆகவே கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் கீற்றை இறக்கிவிட்டு அட்டை போட்ட குடும்பங்கள் அநேகம்.

அப்படிப் போட்ட அட்டைகள் பலவற்றுக்கு இப்போது வயதாகிவிட்டது. கறுத்து, பாசி படிந்து, விளிம்பு உதிர்ந்து, மழைக்கு ஒழுகத் தொடங்கியிருக்கின்றன. பழுது பார்க்கவோ, பிரித்து மாற்றவோ வேண்டியிருக்கிறது. கூரையாகச் சும்மா கிடந்த இத்தனை ஆண்டுகளைவிட, ஆட்கள் கை வைக்கும் அந்த ஓரிரண்டு நாட்களில்தான் அட்டையால் கெடுதல் அதிகம். அதைத் தவிர்க்கும் வழிகள் சுலபமானவை. பெரிய செலவும் இல்லை.

அட்டையில் இருப்பது என்ன?

கல்நார் பூமியிலிருந்து வெட்டி எடுக்கப்படும் கனிமம். கல்லானாலும் நார் போல இழை இழையாகப் பிரியும். தீயில் எரியாது, மட்காது, கரையான் அரிக்காது. மண் சுவருக்குச் சேறு குழைக்கும்போது வெடிப்பு விடாமலிருக்க வைக்கோலைப் போட்டு மிதிப்பது வழக்கம். அதே வேலையைத்தான் சிமெண்டுக்குள் கல்நார் இழை செய்கிறது. ஆஸ்திரியா நாட்டைச் சேர்ந்த லுட்விக் ஹாட்செக் என்பவர் சுமார் 1900-ல் இந்தத் தயாரிப்பு முறையைக் கண்டுபிடித்தார். நம் நாட்டு அட்டைகளில் சேருவது வெள்ளைக் கல்நார். அட்டையில் அது சுமார் பத்தில் ஒரு பங்கு. மீதி பெரும்பாலும் சிமெண்டும், அனல் மின் நிலையச் சாம்பலும்.

அட்டை முழுதாக இருக்கும் வரை இழைகள் சிமெண்டில் சிறைப்பட்டுக் கிடக்கின்றன. அறுத்தாலோ, துளை போட்டாலோ, கம்பி பிரஷ் கொண்டு தேய்த்தாலோ, போட்டு உடைத்தாலோ வெளியே வருகின்றன. கண்ணுக்குத் தெரியும் வெள்ளைத் தூள் சிறிது நேரத்தில் தரையில் படிந்துவிடும். தெரியாத இழைதான் ஆபத்தானது. அது தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். மூக்கிலுள்ள முடியும் சளியும் அதை முழுவதும் தடுப்பதில்லை. நுரையீரலின் அடி வரைக்கும் போய்த் தைத்துக்கொள்ளும். உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது.

இதனால் வரும் நோய்கள் முக்கியமாக மூன்று. நுரையீரல் தழும்பேறி இறுகி மூச்சு வாங்குவது ஒன்று. நுரையீரல் புற்றுநோய் இன்னொன்று. நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் மூன்றாவது. முதலாவது நோய், வருடக்கணக்கில் ஏராளமான தூசியைச் சுவாசித்த ஆலை, சுரங்கத் தொழிலாளிகளுக்கே பெரும்பாலும் வருகிறது. மற்ற இரண்டுக்கும் இவ்வளவு வரை கெடுதல் இல்லை என்று ஓர் எல்லை கண்டுபிடிக்கப்படவில்லை. தூசி கூடக் கூட ஆபத்தும் கூடும். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பிரிட்டன் 1999-லும், ஆஸ்திரேலியா 2003-ம் ஆண்டின் கடைசி நாளிலும், ஒரு காலத்தில் உலகத்துக்கே கல்நார் அனுப்பிய கனடா 2018-லும் வெள்ளைக் கல்நாரையும் சேர்த்துத் தடை செய்தன. இந்தியாவில் கல்நார்ச் சுரங்கத்துக்குப் புதிய அனுமதி கொடுப்பது 1986-ல் நிறுத்தப்பட்டது. அட்டைத் தயாரிப்பு மட்டும் இறக்குமதிக் கல்நாரைக் கொண்டு நடந்து வந்திருக்கிறது.

இந்த நோய்கள் உடனே தலை காட்டுவதில்லை. தூசியைச் சுவாசித்து இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகின்றன. இதனால்தான் 1995-ல் உச்ச நீதிமன்றம், கல்நார் ஆலைத் தொழிலாளி ஒவ்வொருவருடைய உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாள் முதல் குறைந்தது 40 ஆண்டு காலம் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆலைத் தொழிலாளிக்கு அப்படி ஓர் ஏடாவது உண்டு. வரப்போரம் உட்கார்ந்து அட்டையை அறுத்துக் கொடுத்த ஆசாரிக்கும், பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்ற பையனுக்கும் எந்த ஏடும் இல்லை.

கல்நார் நோய் ஆலைக்குள் மட்டும் வருவது என்று நினைப்பதும் தவறு. கிரீஸ் நாட்டின் வடமேற்கில் மெட்சோவோ என்று ஒரு மலையூர் உண்டு. அங்கே ஆலை கிடையாது. அக்கம்பக்கத்தில் கிடைத்த வெள்ளை மண்ணைக் குழைத்து வீட்டுச் சுவருக்குப் பூசி வந்தார்கள். அந்த மண்ணில் கல்நார் வகை ஒன்று கலந்திருந்தது. அந்த ஊராருக்கு மீசோதீலியோமா மற்ற இடங்களைவிட மிக அதிகமாக வந்ததை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். கல்நார்த் தொழிலாளிகளின் வேலைத் துணியை உதறித் துவைத்த மனைவியருக்கும் இந்த நோய் வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டுக் கூரையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. எப்போதோ ஒரு நாள் அட்டை அறுத்தவருக்கு நோய் வந்தே தீரும் என்பதில்லை. அவருக்கு ஆபத்து மிகக் குறைவே. ஊர் ஊராகப் போய் அட்டை வேலையே செய்பவருக்கும், வேலை முடிந்த பிறகும் தூளும் துண்டும் கிடக்கும் வாசலில் வருடக்கணக்கில் புழங்குபவருக்கும்தான் அது கூடுகிறது. கொட்டகை மாட்டைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. நோய் தோன்ற எடுக்கும் காலத்தைவிட மாட்டின் ஆயுள் குறைவு. ஆகவே மாட்டைக் காட்டிலும் மாட்டுக்காரரே எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நல்ல கூரையைப் பிரிக்க வேண்டாம்

உறுதியாக இருக்கும் அட்டையை அவசரப்பட்டு இறக்குவதைவிட அப்படியே விட்டு வைப்பது நல்லது. வெடிப்பு இல்லை, விளிம்பு உதிரவில்லை, அடிப்பக்கம் விரலால் தொட்டால் மாவு ஒட்டவில்லை என்றால் அந்தக் கூரையால் இப்போதைக்குத் தொல்லை இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை, ஆடிக் காற்றுக்கு முன்னால், கீழிருந்து பார்த்துக்கொண்டால் போதும். கொக்கி போல்ட் தளர்ந்திருந்தால் அட்டை காற்றில் ஆடித் துளையைச் சுற்றி வெடிக்கும். தார் வாஷர் வைத்து முடுக்க வேண்டும். அளவுக்கு மீறி முடுக்கினாலும் அட்டை வெடித்துவிடும். மெல்லிய வெடிப்பு இருந்தால் இடத்தை நனைத்துத் துடைத்து, காய்ந்த பிறகு தார் பட்டையை ஒட்டி அடைக்கலாம்.

கோடையில் மாடு, கோழிகளுக்குச் சூடு தெரியாமலிருக்கக் கூரை மேல் சுண்ணாம்பு அடிப்பது நல்ல வழக்கம். சுண்ணாம்புப் பூச்சு உதிரும் இழையையும் ஓரளவு பிடித்து நிறுத்தும். ஆனால் அடிப்பதற்கு முன் பாசியைக் கம்பி பிரஷால் சுரண்டுவதுதான் பெரிய தவறு. வெயிலிலும் மழையிலும் மேல் சிமெண்டு அரித்துப்போய், பழைய அட்டையின் முகத்தில் இழைகள் தலை நீட்டிக்கொண்டிருக்கும். சுரண்டும்போது அவை அப்படியே கிளம்பி வரும். மோட்டாரைப் போட்டு வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும் கூடாது. பாசியோடு சேர்த்து இழையையும் அது அடித்துக்கொண்டு போய்க் கொட்டகையைச் சுற்றிலும் தெளித்துவிடும். பாசி மேலேயே சுண்ணாம்பை வடிகட்டிக் கைத்தெளிப்பானால் இரண்டு தடவை அடிப்பது நல்லது. களைக்கொல்லிக்கு உபயோகித்த தெளிப்பானாக இருந்தால் நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும்.

சுண்ணாம்பு அடிப்பதானாலும், தேங்காய் எடுப்பதானாலும், பழைய அட்டை மேல் கால் வைக்கவே கூடாது. தூசியால் வரும் நோய்க்கு முப்பது வருடம் ஆகும். அட்டை உடைந்து கீழே விழுந்தால் அந்த நிமிடமே உயிர் போகலாம். பார்ப்பதற்குக் கல் மாதிரி இருக்கும். ஆறு மில்லிமீட்டர் கனம்தான். ஆள் கனம் ஏறினால் முன்னறிவிப்பு இல்லாமல் முறியும். போல்ட் வரிசை மேல் காலை வைத்தால் பயமில்லை என்று சில வேலையாட்கள் சொல்லுவார்கள். அதை நம்ப வேண்டாம். இரண்டு மூன்று சட்டங்களைத் தாண்டிக் கிடக்கும் நீளப் பலகைகளைப் போட்டு, அவற்றின் மேலேயே நகர வேண்டும். அதைவிட ஏணி, சாரம் கட்டிக் கீழிருந்து வேலை செய்வது உத்தமம்.

வைக்கோல் போரை அட்டைக் கொட்டகையை ஒட்டிப் போடும் பழக்கமும் நல்லதல்ல. கல்நார் எரியாது என்பது உண்மையே. ஆனால் சூடு ஏறிய அட்டை வெடி வெடிப்பது போல் சத்தத்துடன் சிதறும். தீயணைக்கப் போகிறவர்கள் மேல் துண்டுகள் வந்து விழும். நெருப்பு அணைந்த பின் அந்த இடம் முழுவதும் கல்நார்ச் சிதறலாகக் கிடக்கும்.

பிரிக்கத்தான் வேண்டும் என்றால்

உதிர்ந்துபோன கூரையை மாற்றுவதானால் காற்றில்லாத காலை நேரம் ஏற்றது. மாடு, கோழிகளையும் குழந்தைகளையும் அப்புறப்படுத்த வேண்டும். தீவனம், தானியம், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை முன்கூட்டியே அகற்றவோ, பாலிதீன் போட்டு மூடவோ வேண்டும். கூரைக்கு அடியில் தரையிலும் பாலிதீன் விரிக்க வேண்டும்.

அடுத்தபடி தண்ணீர். ஈரமாக இருக்கும் அட்டையில் தூசி கிளம்பாது. இந்த வேலையின் ரகசியமே அதுதான். வெறும் தண்ணீர் அட்டை மேல் வழிந்து ஓடிவிடும். ஒரு குடத்துக்குச் சிறிது சோப்புக் கரைசல் கலந்து கைத்தெளிப்பானால் மெல்லப் புகையாக அடித்தால் ஊறிப் பிடிக்கும். மேலும் கீழும் நனைத்து, வேலை நடக்கும்போதே மறுபடியும் மறுபடியும் நனைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

போல்ட் துருவேறிக் கழலாமல் முரண்டு பண்ணும். அப்போது கட்டிங் மெஷினை எடுக்கிறார்கள். பழைய நாளில் ஆசாரி கைரம்பத்தால் அரை மணி நேரம் அறுத்தபோது வந்த தூசியை, சுழலும் சக்கரம் ஒரு நிமிடத்தில் கிளப்பிவிடுகிறது. கட்டிங் மெஷின் அட்டைக்குப் பக்கத்தில் வரவே கூடாது. முதல் நாளே எண்ணெய் விட்டு வைத்து ஸ்பானரால் திருப்பிப் பார்க்கலாம். அப்படியும் வராவிட்டால் கீழ்ப்பக்கம் கொக்கிக் கம்பியை மட்டும் போல்ட் கட்டரால் வெட்டலாம். அட்டையை முழுதாகத் தூக்கிக் கைக்குக் கையாகவோ, கயிறு கட்டியோ இறக்க வேண்டும். பத்தடி நீள அட்டை நாற்பது கிலோவுக்குக் குறையாது. மூன்று பேராவது வேண்டும். மேலிருந்து தள்ளிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்பது மெய்தான். ஆனால் அப்படித் தள்ளிய கொட்டகையின் வாசலில் அந்தத் தூள் வருடக்கணக்கில் இருக்கும்.

முகத்தில் துண்டைச் சுற்றிக்கொள்வது இதற்கு உதவாது. ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய முகக்கவசமும் போதாது. எஃப்எஃப்பி3 அல்லது பி100 என்று அச்சிட்ட கவசத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பெரிய ஊர்களில் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். முகத்தோடு இடுக்கில்லாமல் பொருந்தினால்தான் பலன். அடர்ந்த தாடி இருந்தால் பொருந்தாது. வேலை முடிந்ததும் துணியை உதறக் கூடாது. நனைத்துக் கழற்றித் தனியாக அலச வேண்டும். வீட்டுத் துணியோடு சேர்த்து ஊற வைக்கக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளித்த பிறகே குழந்தைகளைத் தூக்கலாம்.

சிந்திய துண்டுகளைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மறுபடி எழும். தண்ணீர் தெளித்து, பெரிய துண்டுகளைக் கையுறையுடன் பொறுக்கி, தூளை ஈரத் துணியால் வழித்தெடுக்க வேண்டும்.

உடைந்த துண்டுகளை என்ன செய்வது?

இங்குதான் பெரும்பாலான விவசாயிகள் தவறிவிடுகிறார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர்ப் பகுதியையும், 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் டெல்டா மாவட்டங்களையும் தாக்கியபோது கூரைகள் பறந்தன. அப்படி உடையும் அட்டையை வீணாக்க மனம் வருவதில்லை. வண்டிப் பாதைப் பள்ளத்தில் போட்டு நிரப்புவதும், பாத்திக்கு ஓரம் கட்டுவதும், கோழிக் கூண்டுக்கு மூடியாக்குவதும் நடக்கிறது. இவற்றில் எல்லாவற்றையும்விட மோசமானது பாதையில் போடுவது. டிராக்டர் சக்கரம் ஏறி ஏறித் துண்டை மாவாக்கும். கோடையில் அந்த மாவு எழுந்து வீட்டுக்குள் வரும். உழும் நிலத்தில் புதைத்தாலும் ஏதாவது ஒரு நாள் கலப்பையோ, ஜேசிபியோ அதை மேலே கொண்டுவந்துவிடும். வாய்க்காலிலும் குளத்தங்கரையிலும் கொட்டுவது அடுத்தவர் தலையில் கட்டுவதாகும்.

முழு அட்டைகளை நனைத்து அடுக்கி, கனத்த பாலிதீனால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்ட வேண்டும். துண்டுகளை, உள்ளே பாலிதீன் பை போட்ட உரச் சாக்கில் கட்டலாம். வெறும் உரச் சாக்கில் பின்னலின் இடைவெளி வழியே தூள் ஒழுகும். 'கல்நார், உடைக்காதே' என்று மேலே எழுதி, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மூலையில் வைக்க வேண்டும். பிறகு ஊராட்சி அலுவலகத்திலும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்திலும், எங்கே ஒப்படைப்பது என்று எழுத்து மூலம் கேட்கலாம். ஒருவர் நாலு சாக்கு வைத்துக்கொண்டு கேட்பதைவிட, ஊரில் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் வண்டி ஏற்பாடு செய்வதும் சுலபம்.

பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று கழற்றிய அட்டையை வாங்குவது லாபமல்ல. பாதி ஆயுள் போயிருக்கும். புதிதாகத் துளை போட வேண்டியிருக்கும். ஏற்றி இறக்குவதிலேயே சில முறியும்.

கிணற்றிலிருந்து நிலத்துக்கு முன்பு புதைத்த கல்நார் சிமெண்டுக் குழாய்களுக்கும் இதே விதிதான். மண்ணுக்குள் கிடக்கும் வரை தோண்டி எடுக்க வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சுவதால் பயிருக்குக் கெடுதல் இல்லை. தண்ணீர் வழியாக வயிற்றுக்குள் போகும் கல்நாரால் புற்றுநோய் வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. உடைப்பு அடைக்கக் குழாயை அறுக்கும்போது மட்டும் நனைத்துக்கொண்டு கைரம்பத்தால் அறுக்க வேண்டும்.

மாற்றுக் கூரை

நிழல் மரம் உள்ள மாட்டுக் கொட்டகைக்கு ஓடு நல்லது. சூடு குறைவு, உடைந்தாலும் ஒன்றிரண்டை மாற்றினால் போதும். ஆனால் மரச்சட்டச் செலவு கூடும். வண்ணத் தகடு கனம் குறைவு, வேலை ஒரே நாளில் முடியும். வெயிலில் கொதிக்கும் என்பதால் அதன் அடியில் கீற்றுத் தட்டி கட்ட வேண்டியிருக்கும். கல்நார் சேர்க்காமல் வேறு இழை சேர்த்த சிமெண்டு அட்டைகளும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பாமல், கல்நார் இல்லாதது என்று பில்லில் எழுதி வாங்குவது நல்லது. செலவை மிச்சம் பிடிக்கப் பழைய அட்டை மேலேயே தகடு அடிப்பதுண்டு. இதில் பழைய அட்டையில் நூற்றுக்கணக்கில் துளை போட நேரும். சட்டத்துக்கும் பாரம் கூடும். அது வேண்டாம்.

இதுவரை அட்டை வேலை அதிகமாகச் செய்து வந்தவர்கள் பீடி, சிகரெட்டை விட்டுவிட வேண்டும். கல்நார்த் தூசியும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்காகிறது. வாரக்கணக்கில் நீங்காத வறட்டு இருமல், நடந்தால் மூச்சு வாங்குதல், மார்பில் நீர் கோத்தல் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது எத்தனை வருடம் அட்டை அறுத்தோம் என்பதைத் தாமாகவே சொல்ல வேண்டும். அறிகுறிகள் காசநோயை ஒத்திருப்பதால், சொல்லாவிட்டால் அந்தக் கோணத்தில் யோசிக்க மருத்துவருக்கு வாய்ப்பில்லாமல் போகலாம்.

கூரை பிரிக்க ஆள் பேசும்போது மொத்தமாக இத்தனை ரூபாய் என்று பேசினால் வேலையாட்கள் வேகத்தைத்தான் பார்ப்பார்கள். அட்டை மேலிருந்து பறந்து வரும். நாள் கூலி பேசி, கட்டிங் மெஷின் கிடையாது, அட்டையைத் தள்ளக் கூடாது, நனைக்க ஓர் ஆள் தனியாக நிற்பார் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் கூலி கூடுதலாகும். முகக்கவசத்தையும் பாலிதீனையும் வீட்டுக்காரரே வாங்கி வைத்துவிட்டால் வேலையாட்கள் மறுக்காமல் போட்டுக்கொள்வார்கள்.